சிங்கப்பூருக்கு சீப் பேக்கேஜ்ல வர்றதா, நாமளே வர்றதா? மதுரை தம்பிக்கு ஒரு பதில்

மதுரைல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். டிசம்பர் லீவுல சிங்கப்பூர் வர்றாங்களாம், அவர், மனைவி, 9 வயசு பையன், 5 வயசு பொண்ணு, கூட 67 வயசு அம்மா, அம்மாவுக்கு முட்டி வலி. ஊர்ல ஒரு ஏஜென்ட் 3 ராத்திரி 4 பகல், ஃபிளைட், விசா, ஹோட்டல், சாப்பாடு, சுத்திக் காட்டுறது எல்லாம் சேத்து தலைக்கு 64,000 ரூபாய்னு சொல்லிருக்கார். வெளிநாடு இதுதான் முதல் தடவை, நாமளே வந்தா செலவு கூடிருமோ, எங்கயாவது மாட்டிக்குவோமோன்னு பயமா இருக்கு, என்ன பண்றதுன்னு கேக்குறார்.

தம்பி, உங்க குடும்பத்துக்கு அந்த முழு பேக்கேஜ் வேணாம். விசாவ மட்டும் ஏஜென்ட் மூலமா எடுங்க, டிக்கெட்டும் ஹோட்டலும் நீங்களே போடுங்க, ஊருக்குள்ள சுத்துறது எல்லாம் உங்க இஷ்டத்துக்கு வச்சுக்கங்க. ஏன் இவ்வளவு தைரியமா சொல்றேன்னா, இங்க சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு டூர் ஆபீஸ்ல 9 வருஷம் ஆப்பரேஷன்ஸ்ல வேலை பாத்தவ நான். உங்க ஊர் ஏஜென்ட் அங்க பில் போடுவார், இங்க வண்டி, ரூம், டிக்கெட் எல்லாம் ஏற்பாடு பண்றது எங்கள மாதிரி கிரவுண்ட் ஹேண்ட்லர் ஆபீஸ்தான். ரூமிங் லிஸ்ட் போட்டு, வவுச்சர் அடிச்சு, காலைல எந்த பஸ் எந்த ஹோட்டல்ல எத்தனை பேர ஏத்தணும்னு எழுதிக் குடுத்தது எல்லாம் நாங்கதான், அதனால ஒரு பேக்கேஜோட விலை எங்க எங்க குறையுதுன்னு எனக்கு நல்லா தெரியும்.

முதல்ல அந்த 3 ராத்திரி 4 பகல எண்ணிப் பாருங்க. ராத்திரி ஃபிளைட் ஏறுனா விடியக்காலம் சாங்கி ஏர்போர்ட்ல இறங்குவீங்க, ஹோட்டல்ல ரூம் குடுக்க மத்தியானம் 2 இல்ல 3 மணி ஆகும், அதுவரைக்கும் தூக்கக் கலக்கத்துல ரெண்டு குழந்தைங்களையும் அம்மாவையும் வச்சுக்கிட்டு லாபில உக்காரணும், இல்லேன்னா குளிக்காமயே சிட்டி டூர் பஸ்ல ஏத்திருவாங்க. கடைசி நாள் காலைல சாப்பிட்டு ரூம காலி பண்ணா ஏர்போர்ட்தான். ஆக பேப்பர்ல 4 பகல், கைல கிடைக்கிறது முழுசா ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள்லயும் பெரிய பங்கு பஸ்ஸுக்குப் போயிரும்.

அது எப்படின்னு சொல்றேன். கொட்டேஷன்ல எஸ்ஐசின்னு மூணு எழுத்து இருக்கும், சீட் இன் கோச், அதாவது வண்டி உங்களுக்குன்னு தனியா கிடையாது, ஏழெட்டு ஹோட்டல்ல ஆள் ஏத்திக்கிட்டு போற பொது கோச். எங்க லிஸ்ட்ல முதல் பிக்கப் 8 மணின்னா கடைசி பிக்கப் 9 மணி தாண்டிரும், நடுவுல ஒரு குடும்பம் கீழ இறங்க லேட்டானா எல்லாருக்கும் லேட். திரும்பி வரும்போதும் அதே கதைதான், கடைசி ஹோட்டல் உங்களுதா இருந்தா ஊரையே இன்னொரு தடவை சுத்தி வருவீங்க. சிங்கப்பூர் சின்ன ஊரு தம்பி, எம்ஆர்டின்னு சொல்ற மெட்ரோ ரயில்ல 15 நிமிஷத்துல போற இடத்துக்கு கோச்ல ஒரு மணி நேரம் உக்காந்திருக்கிறவங்கள நான் தினமும் பாத்திருக்கேன்.

அடுத்தது கடை. ரொம்ப சீப்பான பேக்கேஜ்ல வண்டி, ரூம், டிக்கெட் செலவே முழுசா வசூலாகாது. அத ஈடுகட்ட ஒரு வழிதான், உங்கள சாக்லேட் கடைக்கும் நகைக்கல் கடைக்கும் கூட்டிட்டுப் போறது, நீங்க வாங்குறதுல கமிஷன் வரும். இது சிங்கப்பூர்ல மட்டும் நடக்குற விஷயம் இல்ல, சொல்லப்போனா இங்க கொஞ்சம் கம்மிதான், ஏன்னா இங்க டூர் கைடுன்னா சிங்கப்பூர் டூரிசம் போர்டு லைசென்ஸ் வச்சிருக்கணும், டிராவல் ஏஜென்ட்டுக்கும் லைசென்ஸ் வேணும். சீனாவுல இந்த மாதிரி அடிமாட்டு விலைக்கு ஆள் சேத்து கடைல சம்பாதிக்கிறது பெரிய பிரச்சனையாகி, 2013 அக்டோபர்ல இருந்து சட்டம் போட்டே தடுத்தாங்க. தாய்லாந்துலயும் 2016ல இத ஒழிக்கணும்னு பெரிய நடவடிக்கை எடுத்தாங்க, அங்க இதுக்கு ஜீரோ டாலர் டூர்னே பேர். நம்ம ஊர்ல பேர் இல்லையே ஒழிய கணக்கு அதே கணக்குதான்.

ஒரு நாள மட்டும் சொல்லணும், இத நினைக்காம நான் யாருக்கும் பேக்கேஜ் பத்தி பதில் சொல்றதில்ல. ஒரு ஜூன் மாசம், வவுச்சர் மாறிப் போச்சுன்னு சரியானத குடுக்க நானே ஒரு கோச்ல ஏறிப் போனேன். தஞ்சாவூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா ஜன்னல் ஓரம் உக்காந்திருந்தாங்க, 70 வயசுக்கு மேல இருக்கும். என்னைய பாத்ததும், பாப்பா இங்க ஒரு பழைய மாரியம்மன் கோயில் இருக்காமே, எங்க சித்தப்பா இங்க வேலைக்கு வந்தப்போ அங்கதான் கும்பிடுவாராம், அத எப்ப காட்டுவாங்கன்னு கேட்டாங்க. அவங்க பேப்பர்ல சைனாடவுன், டிரைவ் பைன்னு போட்டிருந்துச்சு, அதாவது இறங்காம பஸ்ல இருந்தே பாத்துட்டுப் போறது. சௌத் பிரிட்ஜ் ரோட்ல சரியா கோயில் கிட்ட சிக்னல் விழுந்துச்சு, கோபுரம் கண்ணுக்கு நேரா நிக்குது. 1827ல கட்டுன கோயில், சிங்கப்பூர்லயே பழமையான இந்துக் கோயில். டிரைவர்கிட்ட அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கண்ணேன்னு சொன்னேன், நிறுத்த இடமும் இல்ல, அடுத்த ஸ்டாப்புக்கு நேரமும் ஆயிருச்சு. அந்தம்மா கண்ணாடில ரெண்டு கையையும் வச்சு அப்படியே கும்பிட்டாங்க, பச்சை விழுந்துச்சு, பஸ் கிளம்பிருச்சு. அடுத்த ஸ்டாப் சாக்லேட் கடை, அங்க 50 நிமிஷம் நின்னோம். அந்தக் கண்ணாடில அவங்க கைரேகை நாங்க இறங்குற வரைக்கும் இருந்துச்சு.

தமிழ்க் கடைகள் நிறைஞ்ச லிட்டில் இந்தியா பகுதில இருந்து அந்தக் கோயிலுக்கு எம்ஆர்டில மூணே ஸ்டேஷன் தம்பி. அதனாலதான் சொல்றேன், சீப் பேக்கேஜ்ல உங்ககிட்ட இருந்து எடுக்கிறது உங்க நேரத்த. காச விட அதுதான் பெரிய இழப்பு, ஏன்னா உங்க அம்மா இன்னொரு தடவை இங்க வருவாங்களான்னு தெரியாது.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். வெளிநாடுன்னாலே பாஷை தெரியாது, சாப்பாடு கிடைக்காது, வழி தெரியாதுன்னுதான் பயம், அது நியாயமான பயம். ஆனா வெளிநாட்டுக்கு முதல் தடவை போற தமிழ் குடும்பத்துக்கு இத விட சுலபமான நாடு எனக்குத் தெரிஞ்சு இல்ல. தமிழ் இங்க நாலு ஆட்சி மொழில ஒண்ணு, ஏர்போர்ட்ல இறங்குனதுமே போர்டுல தமிழ் இருக்கும், ஸ்டேஷன் பேர் தமிழ்ல இருக்கும். லிட்டில் இந்தியால இருக்கிற தேக்கா மார்க்கெட்ல காய்கறிக்காரர்ட்ட தமிழ்லயே விலை கேக்கலாம். கார்டன்ஸ் பை தி பேக்கு தமிழ்ல கரையோரப் பூந்தோட்டங்கள்னு அழகா பேர் வச்சிருக்காங்க. 1947ல இருந்து நடக்குற கோமளவிலாஸ்ல உக்காந்து தோசை சாப்பிடலாம். இங்க வந்து பேக்கேஜ்காரர் சாயங்காலம் 6 மணிக்கு குடுக்குற செட் மீல்ஸ, பசிக்குதோ இல்லையோ, எல்லாரும் ஒண்ணா வரிசைல நின்னு சாப்பிட என்ன அவசியம்?

விசாவ மட்டும் ஏன் ஏஜென்ட்ன்னு சொன்னேன்னா, இந்தியாவுல இருந்து விண்ணப்பிக்க அங்கீகாரம் பெத்த விசா ஏஜென்ட் மூலமா போறதுதான் வழக்கமான வழி, இல்லேன்னா இங்க உங்க சொந்தக்காரர் யாராவது குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரவாசம்) வச்சிருந்தா அவங்க சிங்பாஸ்ங்கிற அரசாங்க ஆன்லைன் கணக்குல போட்டுக் குடுக்கலாம். சிங்கப்பூர் அரசாங்கம் எடுக்குற விசா ஃபீஸ் ஆளுக்கு 30 வெள்ளி, இங்க டாலர வெள்ளின்னுதான் சொல்லுவோம், ஒரு வெள்ளி 70 ரூபாய ஒட்டி வச்சுக்கங்க. அதுக்கு மேல ஏஜென்ட் கேக்குறது அவரோட சர்வீஸ் சார்ஜ், ரெண்டு பேர்ட்ட விசாரிச்சுட்டு குடுங்க. அப்புறம் எஸ்ஜி அரைவல் கார்டுன்னு ஒண்ணு, வந்து இறங்குற நாளோட சேத்து மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும், இதுக்கு ஒரு பைசா கிடையாது. காசு கேக்குற வெப்சைட் எதுவா இருந்தாலும் மூடிருங்க, அசல் மாதிரியே டிசைன் பண்ணி கார்டு நம்பர் கேப்பாங்க, படிச்சவங்களே ஏமாந்திருக்காங்க. இமிக்ரேஷன்ல முத்திரை குத்த மாட்டாங்க, பாஸ் ஈமெயில்ல வரும், பயப்பட வேணாம்.

ஹோட்டல்ல கவனமா இருங்க, பேக்கேஜ்ல வந்தாலும் சரி தனியா வந்தாலும் சரி. இங்க சீப் ஹோட்டல்ல ஜன்னலே இல்லாத ரூம் நிறைய உண்டு, ஏசி ஓடும், ஆனா பகலா ராத்திரியான்னு தெரியாது, முட்டி வலியோட இருக்கிற அம்மா ரூம்ல ஓய்வெடுக்கும்போது அது ரொம்ப அடைசலா இருக்கும். புக் பண்றதுக்கு முன்னாடி ஜன்னல் இருக்கா, லிஃப்ட் இருக்கான்னு கேட்டே ஆகணும். கொட்டேஷன்ல ஒரு ஹோட்டல் பேர் போட்டு பக்கத்துல அல்லது அதுக்கு சமமானதுன்னு எழுதியிருந்தா, அந்த முதல் ஹோட்டல் உங்களுக்குக் கிடைக்காதுன்னே வச்சுக்கங்க. எங்க ஆபீஸ்ல டிசம்பர் மாசத்துல அந்த சமமானதுதான் நிறைய போகும்.

தனியா வர்றவங்க பண்ற பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். காசு மிச்சம்னு ஆன்லைன்ல யாரோ ஒருத்தர் வீட்டுல ரூம் எடுத்துருவாங்க. இங்க அது சட்டப்படி தப்பு, வீவக வீட்ட, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்ட, 6 மாசத்துக்குக் கம்மியா வாடகைக்கு விடக் கூடாது, தனியார் வீட்டுக்கு 3 மாசம். ஒரு திருச்சி குடும்பம் அப்படி புக் பண்ணிட்டு வந்து, போன் எடுக்கவே ஆளில்லாம பெட்டியோட புளோக்கு கீழ நின்னுட்டு இருந்தாங்க, எங்க ஆபீஸுக்கு யாரோ சொல்லி வந்தாங்க, ராத்திரி 9 மணிக்கு நான் ஒவ்வொரு ஹோட்டலா போன் போட்டேன். தெரியாம பண்ணது, பாவம். நீங்க ஹோட்டல்லயே எடுங்க.

எங்க தங்குறதுன்னா யோசிக்காம லிட்டில் இந்தியா ஸ்டேஷன சுத்தி எடுங்க. ஏன்னா அங்க ரெண்டு லைன் சேருது. ஊதா லைன்ல ஏறுனா மூணாவது ஸ்டேஷன் சைனாடவுன், அங்க மாரியம்மன் கோயில், அதே லைன்ல கடைசில ஹார்பர்ஃபிரண்ட், செந்தோசா தீவுக்கு வாசல் அதுதான். நீல லைன்ல ஏறுனா நாலாவது ஸ்டேஷன் பேஃபிரண்ட், இறங்குனா ஒரு பக்கம் மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டல், இன்னொரு பக்கம் கரையோரப் பூந்தோட்டம். மாறவே வேணாம். எல்லா எம்ஆர்டி ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு, பஸ் எல்லாம் வீல்சேர் ஏறுற மாதிரி இருக்கு. கோச்ல அந்த உயரமான படிய ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை ஏறி இறங்குறத நினைச்சுப் பாருங்க, அம்மா முட்டிக்கு எது நல்லதுன்னு உங்களுக்கே புரியும்.

ரயில் டிக்கெட்டுக்கு உங்க ஊர் பேங்க் கார்டையே, விசாவோ மாஸ்டர்கார்டோ, கேட்ல தட்டிட்டுப் போகலாம், இன்டர்நேஷனல் ஆன் பண்ணிருக்கணும், ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான், வெளிநாட்டு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 சென்ட் கூடுதலா எடுப்பாங்க. இல்லேன்னா ஈசி-லிங்க்னு பணம் ஏத்திக்கிற பயணக் கார்டு வாங்கிக்கங்க. ஒரு தடவை போக ஒண்ணேகால் வெள்ளில இருந்து மூணு வெள்ளிக்குள்ளதான் வரும். அம்மா களைச்சுட்டா டாக்ஸி எடுங்க. ஆனா ஒண்ணு, சாதா டாக்ஸில நாலு பேர்தான், நீங்க அஞ்சு பேர், 6 சீட்டர் கேக்கணும். கிராப் மாதிரி ஆப்ல வர்ற தனியார் கார்ல 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு சைல்டு சீட் கட்டாயம், மீட்டர் டாக்ஸிக்கு அந்த விதி இல்ல. உங்க பொண்ணு கண்டிப்பா அந்த உயரத்துக்குள்ள, பையனும் இருக்கலாம், அளந்து பாத்துட்டு வாங்க.

காசு விஷயத்துக்கு வருவோம். தலைக்கு 64,000ன்னா அஞ்சு பேருக்கு 3,20,000. அந்த லிஸ்ட்ட பிரிச்சுப் பாருங்க. மெர்லயன் சிங்கச் சிலை ஃப்ரீ. கரையோரப் பூந்தோட்டத்துல நடக்குற சூப்பர்ட்ரீ லைட் ஷோ ஃப்ரீ, தினமும் 7:45க்கும் 8:45க்கும். மரினா பே சேண்ட்ஸ் முன்னாடி நடக்குற தண்ணி ஷோ ஃப்ரீ. பொட்டானிக் கார்டன்ஸ் ஃப்ரீ, 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த இடம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். லிட்டில் இந்தியா, சைனாடவுன் ரெண்டும் தெரு, தெருவுக்கு யாரு காசு கேப்பா. செந்தோசாவுக்கு ரயில்ல போனா 4 வெள்ளி, பாலத்துல நடந்து போனா அதுவும் இல்ல, உள்ள பஸ்ஸும் பீச் ஷட்டிலும் ஃப்ரீ. ஆக சிட்டி டூர்னு எழுதி வச்சிருக்கிறதுல பாதி, உங்களுக்கு ரயில் காசுதான் செலவு. நிஜமா காசு ஆகுறது செந்தோசால இருக்கிற யூனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க், அது பெரியவங்களுக்கு 80 வெள்ளிக்கு மேல, அப்புறம் மண்டாய்ல இருக்கிற மிருகக்காட்சி சாலை, நைட் சஃபாரி. உங்க அம்மாவுக்கு யூனிவர்சல் எதுக்கு சொல்லுங்க? பேக்கேஜ்ல அஞ்சு பேருக்கும் சேத்துப் போட்டிருப்பாங்க. 60 வயசு தாண்டினவங்களுக்கு தனியா குறைஞ்ச விலை டிக்கெட் உண்டு, கொட்டேஷன்ல அத கழிச்சிருக்காங்களான்னு கேளுங்க. நீங்க பையன கூட்டிட்டு யூனிவர்சல் போங்க, அம்மாவும் மருமகளும் குட்டிப் பொண்ணும் அன்னைக்கு செந்தோசா பீச் ஷட்டில்ல சுத்தட்டும், சாயங்காலம் எல்லாரும் சேந்துக்கலாம். கோச்ல வந்தா இப்படி பிரியவே முடியாது.

நைட் சஃபாரி மட்டும் கட்டாயம் போங்க, 1994ல திறந்தது, டிராம்ல உக்காந்தபடியே பாக்கலாம், அம்மாவுக்கு நடை இல்ல. நேரம் குறிச்சு முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணணும், டிசம்பர்ல கடைசி நேரத்துல கிடைக்காது. காதிப் ஸ்டேஷன்ல இருந்து ஷட்டில் பஸ் இருக்கு, ஆனா ராத்திரி திரும்பும்போது குழந்தைங்க தூங்கிரும், அன்னைக்கு மட்டும் போக வர 6 சீட்டர் எடுத்துருங்க, அந்த செலவு பண்ணத்தான் வேணும்.

சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர்ல, அதாவது சின்னச் சின்ன கடைங்க சேந்த சாப்பாட்டு இடத்துல, ஆளுக்கு 6 - 8 வெள்ளில வயிறு நிறையும். கொஞ்சம் பெரிய ரெஸ்டாரன்ட்ல மெனு விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் போட்டிருந்தா 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் 9 சதவீதம் ஜிஎஸ்டியும் மேல வரும், பில் பாத்து அதிர்ச்சி ஆகாதீங்க. தண்ணி பாட்டில் வாங்காதீங்க, குழாய்த் தண்ணியே குடிக்கலாம். எம்ஆர்டிக்குள்ள மட்டும் குழந்தைக்கு பிஸ்கட் கூட குடுக்காதீங்க, சாப்பிட்டா 500 வெள்ளி வரைக்கும் ஃபைன்.

பேக்கேஜே தப்புன்னு நான் சொல்ல வரல. 20, 25 பேர் பெரியவங்களா சேந்து வர்றாங்கன்னா பேக்கேஜ்தான் சரி, ஆனா அவங்களுக்குன்னு தனி வண்டி இருக்கணும். சிங்கப்பூர் மலேசியா ரெண்டும் சேத்து வர்றவங்க, உட்லண்ட்ஸ் பார்டர்ல பெட்டிய இறக்கி ஏத்தி வயசானவங்களோட தனியா கஷ்டப்படறத விட ஏற்பாடோட போறது நல்லது. நானே எங்கம்மாவ பெய்ஜிங் கூட்டிட்டுப் போனப்போ பேக்கேஜ்தான் எடுத்தேன். எனக்கு சீனம் தெரியாது, எங்கம்மா சைவம், அங்க தனியா தடுமாற விருப்பமில்ல. பட்டுக் கடை, டீக்கடை எல்லாம் கூட்டிட்டுப் போனாங்கதான், ஆனா நான் ஷாப்பிங் ஸ்டாப் கம்மியா இருக்கிற கொஞ்சம் விலை கூடுனத பாத்து எடுத்தேன், பெருஞ்சுவர்ல எங்கம்மாவுக்கு மூணு மணி நேரம் கிடைச்சுச்சு, மெதுவா ஏறுனாங்க. பாஷையும் சாப்பாடும் நமக்கு சுத்தமா ஒத்து வராத ஊருக்கு வழிகாட்டிக்கு காசு குடுக்கிறது வீண் இல்ல. சிங்கப்பூர் உங்களுக்கு அந்த மாதிரி ஊர் இல்லைங்கிறதுதான் என் பேச்சு.

வீட்டுல எல்லாரும் பேக்கேஜ்தான்னு முடிவு பண்ணிட்டா, காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்த பேப்பர்ல ஜூரோங் பறவைப் பூங்கான்னு இருக்கான்னு பாருங்க. அது 2023 ஜனவரியோட மூடிட்டாங்க, அதுக்குப் பதிலா மண்டாய்ல பேர்ட் பாரடைஸ்னு அதே வருஷம் மே மாசம் திறந்தாச்சு. இன்னும் பழைய பேரையே போட்டிருக்கிற ஏஜென்ட், லிஸ்ட்ட திறந்து பாத்தே பல வருஷம் ஆச்சுன்னு அர்த்தம், அவர்கிட்ட குடுக்காதீங்க. ஹோட்டல் பேர எழுத்துல வாங்குங்க, ஷாப்பிங் ஸ்டாப் எத்தனை, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு நேரம்னு கேளுங்க, சொல்ல மழுப்புனா வேற ஆள் பாருங்க. ஓவர்சீஸ் டூர் பேக்கேஜ்னு பில் போட்டா டிசிஎஸ்னு வரியும் முன்கூட்டியே பிடிப்பாங்க, ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், ஆனா இப்ப கைல இருந்து போற காசு அது, 64,000ல அது அடக்கமான்னு கேட்டுக்கங்க.

டிக்கெட் திருச்சில இருந்து பாருங்க, ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ரெண்டும் நேரா வருது, நாலு மணி நேரம்தான். 3 ராத்திரிக்குப் பதிலா 4 ராத்திரி தங்குங்க, மிச்சமாகுற காசுல அந்த ஒரு ராத்திரி வந்துரும். புக் பண்ணும்போதே அம்மாவுக்கு வீல்சேர்னு ரிக்வெஸ்ட் போட்டுருங்க, விமானக் கதவு வரைக்கும் தள்ளிட்டுப் போவாங்க. முதல் நாள் எதுவும் வச்சுக்காதீங்க, பெட்டிய ஹோட்டல்ல போட்டுட்டு லிட்டில் இந்தியாலயே இருக்கிற வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாங்க, மத்தியானம் நடை சாத்துறதுக்கு முன்னாடி. அப்புறம் தூங்குங்க. டிசம்பர்ல சாயங்காலம் மழை கொட்டும், அதனால சூப்பர்ட்ரீ ஷோவுக்கு 7:45க்கே போயிருங்க, மழை வந்துட்டாலும் 8:45 ஷோ பாக்கி இருக்கும்.